பரபரப்பான வார்டு வேலைக்கு டாக்டர்களைக் கணினி விளையாட்டால் பழக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஊசி போடும் கைப்பழக்கம் அதில் வராது. வருவது, யாரை முதலில் பார்ப்பது என்ற நிதானம். இரவுப் பணியில் ஒருவருக்கு மூச்சுத்திணறல், இன்னொருவருக்கு மருந்துச்சீட்டு எழுத வேண்டும், நடுவில் போன் அடிக்கிறது. எதைத் தள்ளிப்போடலாம், எப்போது சீனியரைக் கூப்பிடுவது? பாடப்புத்தகம் நோயாளிகளை ஒவ்வொருவராகத்தான் காட்டும். வார்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘செப்ட்ரிஸ்’ விளையாட்டில் செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடலுறுப்புகள் பழுதடையும் ஆபத்தான நிலை) வந்த நோயாளிகளின் படங்கள் திரையில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சரியான பரிசோதனையும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால் மேலேறும். தாமதித்தால் என்ன ஆகும் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணை மட்டும் துரத்துவது வீண். ஆட்டம் முடிந்ததும் அனுபவசாலி ஒருவர், ‘ஏன் அவரை விட்டு இவரிடம் போனீர்கள்?’ என்று கேட்கும்போதுதான், என் கணிப்பில், பாதிப் படிப்பு நடக்கிறது.