ஓசூர் நைட் ஷிப்டும் லித்தியமும்

சகோதரி, உங்கள் கணவருக்கு இருமுனைக் கோளாறு (மனம் ஒரேயடியாக எகிறுவதும் சோர்ந்து விழுவதுமான நோய்), அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார், ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் வந்தாலே தூங்காமல் ஓயாது பேசுகிறார், இந்த முறை கடனுக்கு பைக்கே புக் செய்துவிட்டார் என்கிறீர்கள். எனக்கும் இதே நோய்தான், ஊர் கிருஷ்ணகிரி.

அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டாலும் தூக்கம் கெட்டால் மனம் எகிறும். நிரந்தரப் பகல் ஷிப்டுக்கு டாக்டரிடமே கடிதம் கேளுங்கள்.

லித்தியம் கறாரான மருந்து. ரத்தத்தில் அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துப் போகவேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் குறையக்கூடாது. உப்பைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. முதுகுவலிக்கு மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்குகிறோமே, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அதெல்லாம் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். லித்தியம் அளவை ஏற்றிவிடும். வாந்தி, பேதி, தள்ளாட்டம், கை நடுக்கம் அதிகமானால் உடனே ஆஸ்பத்திரி.

ஏடிஎம் கார்டை யார் வைத்துக்கொள்வது என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே பேசி முடியுங்கள். சண்டையில் பிடுங்கினால் வேலைக்காகாது, என் வீட்டில் பார்த்தாயிற்று. அப்புறம், நடுராத்திரியில் திணறினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.