‘கிளம்பியிருக்கணும்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? – கேள்வி-பதில்

கேள்வி: ‘அவர் நேற்றே கிளம்பியிருக்க வேண்டும்’ என்பதற்கு ‘மஸ்ட் ஹேவ்’ வருமா, ‘ஷுட் ஹேவ்’ வருமா?

இரண்டும் வரும். ஆனால் பொருள் வேறு வேறு. வீடு பூட்டியிருக்கிறது, வாசலில் வண்டியையும் காணோம். அதை வைத்து, கிளம்பியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறீர்கள். அப்போது ‘ஹி மஸ்ட் ஹேவ் லெஃப்ட் யெஸ்டர்டே’. மனிதர் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார், நேற்றே போயிருந்தால் முகூர்த்தத்துக்குச் சேர்ந்திருக்கலாமே என்று குறைபட்டுக்கொள்கிறீர்கள். அப்போது ‘ஹி ஷுட் ஹேவ் லெஃப்ட் யெஸ்டர்டே’.

தமிழில் ஒரே வாக்கியம் இரண்டு வேலையையும் பார்ப்பதால்தான் நமக்கு இங்கே தடுமாற்றம். சந்தேகம் வந்தால் தமிழ் வாக்கியத்தை எதிர்மறையாக மாற்றிப் பாருங்கள். நீங்கள் நினைத்ததற்கு எதிர்ப்பதம் ‘கிளம்பியிருக்கக் கூடாது’ என்றால் ‘ஷுட் ஹேவ்’. ‘கிளம்பியிருக்க முடியாது’ என்றால் ‘மஸ்ட் ஹேவ்’. இந்த ஊகத்தின் எதிர்மறைக்கு ‘கான்ட் ஹேவ்’ என்று எழுதுங்கள். ‘மஸ்ட் நாட் ஹேவ்’ என்பது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு.

அப்புறம், ‘அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது’ என்று கட்டாயத்தைச் சொல்ல ‘ஹேட் டு லீவ்’ போதும். அங்கே ‘மஸ்ட் ஹேவ்’ போட்டால் அர்த்தமே மாறிவிடும்.

கேள்வி: ‘ஷுட் ஹேவ் வென்ட்’, ‘மஸ்ட் ஹேட் கான்’ – எது சரி?

இரண்டும் தவறு. ‘ஹி’, ‘ஷி’ என யார் வந்தாலும் ‘ஹேவ்’ மாறாது. அதன் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம்தான் வரும்: ‘ஷுட் ஹேவ் கான்’, ‘மஸ்ட் ஹேவ் கான்’.

கேள்வி: நேர்முகத் தேர்வில் ‘ஐ குட் ஃபினிஷ் தி ப்ராஜெக்ட் லாஸ்ட் மன்த்’ என்றேன். தவறா?

ஆமாம். ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் ‘குட்’ என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்து விட்டுவிடுகிறோம், அது போதவே போதாது. ‘சின்ன வயதில் எனக்கு நீச்சல் தெரியும்’ என்பதுபோல எப்போதும் இருந்த திறமைக்கு ‘குட்’ சரி. ஒரு குறிப்பிட்ட தடவை முயன்று முடித்த வேலைக்கு ‘வாஸ் ஏபிள் டு ஃபினிஷ்’ அல்லது ‘மேனேஜ்ட் டு ஃபினிஷ்’ என்று சொல்லுங்கள். முடியவில்லை என்றால் கவலை இல்லை, ‘குடின்ட்’ இரண்டு இடத்திலும் பொருந்தும்.

கேள்வி: ‘நீடின்ட் ஹேவ் குக்ட்’, ‘டிடின்ட் நீட் டு குக்’ – இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவதில் சமையல் முடிந்துவிட்டது. விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு வந்ததால் அந்த உழைப்பு வீண். இரண்டாவது, தேவை இருக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. பெரும்பாலும் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: ‘ஷுட் ஆஃப்’ என்று பலர் எழுதுகிறார்களே?

பேச்சில் ‘ஹேவ்’ சுருங்கி ‘ஷுடவ்’ என்று ஒலிப்பதால் வந்த பிழை அது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் செய்கிறார்கள். தேர்வில் மதிப்பெண் போய்விடும், ‘ஹேவ்’ என்றே எழுதுங்கள்.