சைக்கிளை விற்கட்டுமா?

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் கணவர், ஒன்பது வயது மகள், மாமி ஆகியோருடன் இருக்கிறேன். எனக்கு வயது 36. தனியார் கம்பனி ஒன்றின் கணக்குப் பகுதியில் வேலை. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது வேலைக்குப் போய்வரத்தான் சைக்கிள் வாங்கினேன். அந்த நேரம் கொழும்பில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள். பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து, வரிசைகள் குறைந்து, எல்லாரும் பழையபடி மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் திரும்பிவிட்டார்கள். எனக்குத் திரும்ப மனம் வரவில்லை. விடிய நாலரைக்கு எழும்பி மெரின் டிரைவில் ஓடினேன். ஞாயிறு, போயா நாட்களில் பத்தரமுல்லைப் பக்கம் பாராளுமன்ற வீதியால் சுற்றினேன். பிறகு ஒரு கிளப்பில் சேர்ந்தேன். அங்கேயிருந்த அண்ணா ஒருவர், "உங்களுக்கு நல்ல கால் இருக்கு, ரேஸ் ஓடிப் பாருங்கோ" என்றார்.

இந்த வருடம்தான் ஒரு சீசன் முழுக்க ஓடினேன். பெண்கள் பிரிவில் முன்னுக்கு வருபவர்கள் பெரும்பாலும் முப்படைகளின் அணிகளைச் சேர்ந்த பிள்ளைகள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தவர்கள். நான் ஏறக்குறைய எப்போதும் பின்னால்தான் வந்தேன், ஆனால் ஓடி முடித்தேன். கடைசி ரேஸில் அதுவும் நடக்கவில்லை.

அது சிலாபம் பக்கம், தட்டையான வீதி. பாதித் தூரம் கூட்டத்தோடு இருந்தேன். தென்னந்தோப்பு முடிந்து வெளி திறந்ததும் கடற்பக்கமிருந்து காற்று அடித்தது. முன்னால் நின்றவர்கள் வீதிக்குக் குறுக்கே சாய்வாக வரிசை கட்டினார்கள். அந்த வரிசையில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஓரத்து வெள்ளைக் கோட்டில், மணல் ஒதுங்கிக் கிடக்கிற இடத்தில், எனக்கு முன்னால் போன பிள்ளையின் பின்சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தேன். ஒரு முழம் இடைவெளி வந்தது. எழும்பி நின்று மிதித்தேன். இரண்டு முழமானது, பிறகு ஒரு சைக்கிள் நீளம். அதற்குப் பிறகு அந்தச் சில்லை என்னால் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை. மூச்சுக்கூட வாங்கவில்லை. நெருப்பே இல்லாத அடுப்பு மாதிரி இருந்தது உடம்பு. கடைசியில் பின்னால் வந்த வண்டியில் இருந்த பையன், "நகின்ன அக்கே" என்று மெதுவாகச் சொல்லி என்னை ஏறச் சொன்னான். சைக்கிளை வண்டியில் கட்டினார்கள்.

சீசன் முடிந்துவிட்டது. சந்தோஷமாக ஓய்வெடுக்க வேண்டிய நேரம் இது. ஆனால் இரவில் நித்திரை வருவதில்லை. வேலையிடத்தில் எக்செல் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் கண் நிறைகிறது. மகளோடு எரிந்து விழுகிறேன். படுக்கையில், ஓடிய தூரத்தையும் வேகத்தையும் பதிகிற ஸ்ட்ராவா செயலியைத் திறந்து அந்தப் பிள்ளைகள் எத்தனை கிலோமீற்றர் ஓடினார்கள், என்ன வேகம் என்று பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். மெலிந்தால் வேகம் வரும் என்று இரவில் சோற்றை விட்டு ஆறு கிலோ குறைத்தேன். சில மாதமாக மாதவிடாயும் வருவதில்லை. ரேஸ் நேரத்தில் அது இல்லாதது வசதிதானே என்று பெரிதாக எடுக்கவில்லை. இவ்வளவு செய்தும் பிரயோசனமில்லை.

மாமி என் தட்டைப் பார்த்து "உனக்கு ஏதும் வருத்தமோ பிள்ளை" என்று கேட்டுக்கொண்டே இருப்பா. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமொன்றில், "பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவள் கட்டைக் காற்சட்டையோட றோட்டில திரியிறாள்" என்று என் காதுபடவே கதைத்தார்கள். இவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் நான் திரும்பி வரும்வரை பல்கனியிலேயே நிற்பார். மகள் ஒவ்வொரு முறையும், "அம்மா, வென்றீங்களா?" என்றுதான் கேட்பாள்.

சைக்கிளை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். நல்ல விலைக்குப் போகும். ஆனால் விளம்பரம் எழுத உட்கார்ந்தால் நெஞ்சு அடைக்கிறது. வெல்லவே ஏலாத ஒருத்தி போட்டிக்குப் போவது பைத்தியக்காரத்தனமா? நான் என்ன செய்வது?

வெள்ளவத்தை வாசகி

*

அன்பின் சகோதரிக்கு,

சைக்கிளை விற்பதா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்லப் போவதில்லை. நீங்களும் இப்போது அதை முடிவெடுக்க வேண்டாம். சில மாதமாக மாதவிடாய் இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் டொக்டரிடம் போக வேண்டும். விளையாட்டு வீராங்கனைகளுக்கு அது சகஜம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நாம் செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு தொடர்ந்து கிடைக்காவிட்டால், மூளை சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். உயிர் தரிக்க உடனடியாகத் தேவைப்படாதவற்றை நிறுத்தி வைக்கும். மாதவிடாய் அப்படித்தான் நிற்கிறது. ஈஸ்ட்ரஜன் குறைய, எலும்பின் அடர்த்தியும் குறையும். ஓட்டப்பந்தயம் ஓடுகிறவர்களுக்காவது கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் எலும்புக்கு வேலை கிடைக்கிறது. சைக்கிளில் உடம்பின் பாரம் ஆசனத்தில் இருப்பதால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயரிட்டது. ஆண்களுக்கும் இது வரும். நித்திரையின்மை, எரிச்சல், மனச்சோர்வு, பயிற்சி செய்தும் முன்னேற்றமில்லாமை எல்லாம் இதோடு சேர்ந்து வரக்கூடியவை. உங்கள் கடிதத்தில் இவை அத்தனையும் இருக்கின்றன.

இதுதான் உங்களுக்கு என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. டொக்டர் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார். பிறகு தைரொயிட், இரும்புச்சத்து, ஹோர்மோன்கள் பார்ப்பார். தேவையென்றால் எலும்பின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்வார். வழக்கமாகப் போகும் குடும்ப டொக்டரே போதும், ஆனால் "நான் போட்டிக்கு சைக்கிள் ஓடுகிறேன், இவ்வளவு நேரம் பயிற்சி செய்கிறேன், சாப்பாட்டைக் குறைத்தேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை கடும் பயிற்சி வேண்டாம்.

உடம்பு இந்த நிலையில் இருக்கும்போது மனம் சொல்கிற தீர்ப்புகளை நம்ப வேண்டாம் என்றுதான் உங்களிடம் கேட்கிறேன். பட்டினி கிடக்கும் மூளைக்கு எல்லாமே பிரயோசனமில்லாததாகத்தான் தெரியும். அடுப்பில் நெருப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விறகு வைக்காத அடுப்பு அது. அதை உங்கள் திறமைக் குறைவு என்று வாசித்துவிட்டீர்கள்.

மெலிந்தால் வேகம் வரும் என்ற நம்பிக்கை சைக்கிளோட்டக்காரரிடையே எல்லா நாட்டிலும் உண்டு. கடுகண்ணாவை ஏற்றத்தில் அதற்கு ஓரளவு அர்த்தமுண்டு. சிலாபத்துத் தட்டை வீதியில் நீங்கள் போராடியது காற்றோடு. வேகம் கூடக் கூட, காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி பல மடங்கு ஏறும். இன்னொருவரின் சில்லுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் அதில் கணிசமான பங்கு மிச்சம். பக்கக்காற்றில் அந்த மறைவு பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடும். வீதியின் அகலத்துக்கு எத்தனை பேர் சாய்வாக நிற்க முடியுமோ அத்தனை பேருக்குத்தான் அது கிடைக்கும். வெளி திறக்கப்போகிறது என்று தெரிந்தவர்கள் முன்கூட்டியே முன்னுக்கு வந்து இடம் பிடித்துவிடுவார்கள். பல வருடம் ஓடி வருகிற அறிவு அது. முதல் சீசனில், வயிற்றில் போதிய சாப்பாடு இல்லாமல், பாதித் தூரம் அந்தக் கூட்டத்தோடு நீங்கள் நின்றிருக்கிறீர்கள். எனக்கு அது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

முப்படை அணிகளில் ஓடுகிற பெண்களுக்குப் பயிற்சி என்பது கடமையின் ஒரு பகுதி. நீங்கள் மாதக் கணக்கை முடித்து, மகளின் வீட்டுப்பாடம் பார்த்து, மிச்சமிருக்கிற நித்திரையை வெட்டிப் பயிற்சி செய்கிறீர்கள். இரவில் படுக்கையில் அவர்களுடைய கிலோமீற்றரை உங்களுடையதோடு வைத்துப் பார்ப்பது நியாயமான கணக்கு இல்லை என்று கணக்குப் பகுதியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ட்ராவாவைக் கைபேசியிலிருந்து கொஞ்சக் காலத்துக்கு எடுத்துவிடுங்கள்.

வெல்லாதவர் ஏன் ஓட வேண்டும் என்று கேட்டீர்கள். வீதியோட்டத்தில் நூறு பேர் புறப்பட்டால் ஒருவர்தான் வெல்வார். மற்றவர்கள் இல்லாவிட்டால் அங்கே கூட்டமும் இல்லை, மறைவும் இல்லை, ஓட்டமே இல்லை. உச்சியில் இருப்பவர்களுக்கும் முடிவு தங்கள் கையில் இல்லை. 2024 இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் என்ற பல கட்டச் சைக்கிளோட்டத்தில் டெமி வோலெரிங் என்ற வீராங்கனை, மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது கட்டத்தில் விழுந்து நேரத்தை இழந்தார். இறுதி நாள் அல்ப் டுவெஸ் மலை உச்சிக்கு முதலாவதாக வந்தும், ஒட்டுமொத்தத்தில் 4 செக்கனால் கசியா நியெவியாடோமாவிடம் தோற்றார். அவ்வளவு பலமுள்ளவருக்கே அந்த ஒரு விழுதல் எட்டுக் கட்டங்களின் முடிவை மாற்றிவிட்டது. உங்கள் சீசனை அந்த வண்டியில் ஏறிய ஒரு மணித்தியாலத்தை வைத்து எழுதி முடித்துவிடாதீர்கள்.

மாமி விஷயத்தில் எனக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் உங்கள் ஓட்டத்துக்கு எதிரானவர் என்று தோன்றலாம். ஆனால் உங்கள் வீட்டில் உங்கள் தட்டை முதலில் கவனித்தவர் அவர்தான். டொக்டரிடம் போகும்போது அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். இரவுச் சாப்பாட்டுப் பொறுப்பை அவரிடம் விடுங்கள். இடியப்பமும் சொதியும் ஒரு முட்டையும் அவர் கையால் வைத்தால் மறுக்காமல் சாப்பிடுங்கள். மீண்டும் நீண்ட தூரம் ஓடத் தொடங்கும்போது, ஒரு மணிக்கு மேற்பட்ட சவாரிகளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது விளையாட்டுப் போசாக்கில் பொதுவான கணக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். தொதல் துண்டுகளை வெட்டி முதுகுப் பையில் வைத்தாலும் நல்லது.

கல்யாண வீட்டுப் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. ஒலிம்பிக்கில் ஆண்களின் வீதியோட்டம் 1896 இலேயே நடந்தது. பெண்களுக்கு அது கிடைக்க 1984 ஆனது. இந்தப் பேச்சு வெள்ளவத்தையில் மட்டும் இருந்ததில்லை.

மகளிடம் "வெல்லவில்லை, இந்தமுறை காற்றில் விடுபட்டேன்" என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். காற்றில் எப்படி வரிசை கட்டுவார்கள் என்று தாளில் கீறிக் காட்டுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது நன்றாக விளங்கும், அடுத்தமுறை அவள் கேட்கிற கேள்வியும் வேறாக இருக்கும். கணவரிடமும் பல்கனியில் நிற்கும்போது மனதில் என்ன ஓடுகிறது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லாமல் வைத்திருப்பது எரிச்சல் என்று நீங்கள் நினைக்கலாம், எனக்கென்னவோ அது விடியற்காலை லொறிகளைப் பற்றிய பயமாகத்தான் படுகிறது. தனியாகப் போகாமல் கிளப் ஆட்களோடு மட்டும் போவது என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம்.

பெரிய இலக்கொன்று முடிந்ததும் மனம் வெறுமையாவது பல வீரர்களுக்கு நடப்பதுதான், பெரும்பாலும் தானாகவே தணியும். ஆனால் இந்த அழுகையும் நித்திரையின்மையும் இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், எதிலுமே விருப்பமில்லாமல் போனால், அதையும் அதே டொக்டரிடம் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு ஒரு பக்கமாக வையுங்கள். விளம்பரம் எழுத வேண்டாம். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். விற்பதா இல்லையா என்பதை அப்போது பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்