தெருவை அழகாக்க இறங்கும் முன்: சேலம் தன்னார்வலர்களுக்குக் கேள்வி பதில்

சுவர் ஓவியம், மரக்கன்று, குப்பை மூலை, பூங்கா மூலை என்று வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அழகாபுரம்: எங்க தெருவுல இருபது பேர் சேர்ந்திருக்கோம். வர்ற ஞாயிற்றுக்கிழமை எதுல இருந்து ஆரம்பிக்கலாம் அண்ணா?

வரும் ஞாயிறு வேலை வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவை நடந்து பாருங்கள். கை வைக்க நினைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் நேரே இரண்டு விஷயம் எழுதுங்கள்: இது யாருடையது, வேலை முடிந்த பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவதற்கு ஆள் பெயர் எழுத முடியாத இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் குடம் தூக்க இரண்டு பேர் இருந்தால் நான்கு மரம் வைக்கலாம். நாற்பது வைத்தால் நாற்பதும் காயும்.

யாருடையது என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். உள்தெருவும் பூங்காவும் மாநகராட்சி. பெரிய சாலைகள் பல மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை. ரயில்வே சுவர் ரயில்வேக்கு. மின்மாற்றியும் மின்பெட்டியும் மின்வாரியத்துடையவை. அவற்றின் மேல் பெயிண்ட் அடிக்கவே வேண்டாம், அபாய எச்சரிக்கையும் எண்ணும் மறைந்துபோகும். பள்ளிச் சுவர் என்றால் தலைமையாசிரியர் சம்மதம் மட்டும் போதாது, கட்டடம் யாருடையதோ அந்த அலுவலகமும் வேண்டும்.

மாநகராட்சி இடத்துக்கு உங்கள் மண்டல அலுவலகத்தில் (சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி) உதவி ஆணையர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். இடம், நீள அகலம், என்ன செய்யப்போகிறீர்கள், தேதி, நேரம், பொறுப்பாளர் கைபேசி எண், இப்போதைய நிலையைக் காட்டும் இரண்டு படம் போதும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பொது இடச் சுவர்களில் எழுதி, ஒட்டிக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே சட்டம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு அடித்தாலும் அனுமதி இல்லாத எழுத்து எழுத்துதான்.

பேர்லேண்ட்ஸ்: போன வருஷம் வரைந்த சுவர் ஓவியம் கீழே ரெண்டு அடி உயரத்துக்கு உரிந்து விழுது. மேலே நல்லாத்தான் இருக்கு. மட்டமான பெயிண்டா?

பெயிண்ட் மேல் பழி போடாதீர்கள். மேலே நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கீழே இருப்பது ஓதம். சுற்றுச்சுவர்களுக்கு அடியில் பெரும்பாலும் ஓதம் தடுக்கும் அடுக்கு போடுவதில்லை. மண்ணில் உள்ள ஈரம் செங்கல் வழியே ஏறுகிறது, கூடவே உப்பையும் கொண்டுவருகிறது. ஈரம் வெளியே காயும் இடத்தில் உப்பு பூக்கும். அதன் மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) படலம் மூடியிருந்தால் உப்பு படலத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பட்டி போட்டிருந்தால் அதுவும் பொரிந்து கொட்டும். எத்தனை தடவை சுரண்டி அடித்தாலும் இதே கதைதான்.

ஆகவே கீழ் இரண்டடியை ஓவியத்திலிருந்து விட்டுவிடுங்கள். உரிந்ததைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். அந்தப் பட்டைக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், வருடம் ஒருமுறை அடித்தால் செலவும் சொற்பம். சுவர் ஓரம் மண் குவிந்திருந்தால் வாரி எடுங்கள், சாக்கடை சுவரை ஒட்டிக் கசிகிறதா என்றும் பாருங்கள்.

மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கறை இறங்கினால் அது வேறு நோய். சுவரின் தலைப்பில், அதாவது உச்சி விளிம்பில், பூச்சு வெடித்து மழைநீர் இறங்குகிறது. சிமெண்ட் கலவையால் தலைப்பைச் சாய்வாகப் பூசி, ஒரு மாதம் விட்டு பெயிண்டுக்கு வாருங்கள். மண்ணைத் தாங்கி நிற்கும் சுவராக இருந்தால் அதில் நீர் வடியும் துளைகள் இருக்கும். ஓவியம் அழகாக வரவேண்டும் என்று அவற்றைப் பட்டி வைத்து அடைப்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். தேங்கும் நீர் சுவரையே தள்ளிவிடும்.

ஜங்ஷன் பக்கம்: நூறு அடி நீளம், ஆறு அடி உயரம். பெயிண்ட் எவ்வளவு வாங்கணும்? வேலை வரிசை சொல்லுங்க.

600 சதுர அடி. சொரசொரப்பான வெளிச்சுவருக்கு டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு வராது. வெளிப்புற பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் அடிப்பது) ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு தடவை அடிக்க, லிட்டருக்கு 80 சதுர அடி என்று வையுங்கள், 8 லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 40 சதுர அடி, 15 லிட்டர். 20 லிட்டர் வெள்ளை வாளி ஒன்று வாங்கினால் மீதியில் ஸ்டெய்னர் (நிறச் சாயம்) கலந்து வெளிர் நிறங்கள் எடுக்கலாம். அடர் சிவப்பு, நீலம், கறுப்பு இப்படிக் கலந்தால் வராது, தனியாக ஒவ்வொரு லிட்டர் வாங்குங்கள். 9 அங்குல ரோலர் நான்கு, 4 அங்குல பிரஷ் ஆறு, ஓவியத்துக்கு 1 அங்குலமும் அதற்குக் கீழும் ஒரு டஜன். கம்பி பிரஷ், பட்டித் தகடு, 80-ம் எண் உப்புத்தாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சுரண்டல். சுவரொட்டிகளைத் தண்ணீர் அடித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டால் தகட்டுக்கு வந்துவிடும். பாசிக்கு 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பிளீச்சிங் பவுடர், அரை மணி கழித்துத் தேய்த்துக் கழுவல். பிறகு கையால் சுவரைத் தடவுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் பழைய சுண்ணாம்பு இருக்கிறது, அது முழுக்கப் போகும்வரை கம்பி பிரஷ்தான். அதன் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் அப்பளம்போல எழும்பும். இரண்டு மூன்று நாள் காயவிட்டு, வெடிப்புகளுக்கு மட்டும் வெளிப்புறப் பட்டி, பிறகு பிரைமர். மறுநாள் எமல்ஷன் முதல் கோட், நான்கு மணி நேரம் விட்டு இரண்டாவது. படம் அதற்கடுத்த வாரம். புதிதாகப் பூசிய சுவரென்றால் பூச்சுக்குப் பிறகு 28 நாள் பொறுங்கள்.

படத்தை முதலில் கட்டம் போட்ட தாளில், ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று வரையுங்கள். சுவரில் சாக்பொடி தோய்த்த நூலைத் தட்டி ஒரு அடிக் கட்டம் போட்டால் வரையத் தெரியாதவரும் கட்டத்தை நிரப்பலாம். சிறு விவரங்கள் வேண்டாம். வண்டியில் போகிறவருக்கு இரண்டு நொடிதான் கிடைக்கிறது.

மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம், அதுவும் காலை 6 முதல் 10 வரை. உச்சி வெயிலில் சூடான சுவரில் பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்து பிரஷ் கோடு நிற்கும். ஆவணியிலிருந்து கார்த்திகை வரை மழையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை: சுவர்ல சாமி படம் வரைஞ்சா சிறுநீர் கழிக்கிறது நிக்குமாங்க?

கொஞ்ச நாள் நிற்கும். பிறகு பக்கத்துச் சுவருக்குப் போகும், இல்லையென்றால் படத்தின் மேலேயே நடக்கும், அது வேறு வம்பு. எல்லா மதப் படமும் வரிசையாக ஒட்டிய சுவர்களின் கீழும் நாற்றம் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மறைவும் இருட்டும்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வைக்கின்றன. தெருவிளக்கு, வண்டிகள் நிற்காத திறந்த பார்வை, நூறு அடிக்குள் திறந்திருக்கும் கழிப்பறைக்கு ஓர் அம்புக்குறி, இந்த மூன்றும் வேலை செய்யும். கழிப்பறை இல்லாவிட்டால் மனுவில் முதலில் அதைக் கேளுங்கள்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. முதலில் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றுங்கள், பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சிறுநீரோடு சேர்ந்தால் அது மூச்சை அடைக்கும் வாயுவைக் கிளப்பும். கழிப்பறை கழுவும் ஆசிடோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், வருவது குளோரின்.

குகை: மூணு தடவை சுத்தம் பண்ணியும் தெருமுனையில குப்பை திரும்பத் திரும்ப விழுது. வெறுத்துப் போச்சு.

விழத்தான் செய்யும், ஏனென்றால் கொட்டுபவர்களுக்கு வேறு வழி நீங்கள் காட்டவில்லை. முதலில் ஒரு வாரம் சுத்தம் செய்யாமல் பாருங்கள். காலை 5 முதல் 7, இரவு 9 முதல் 11, யார் எதைக் கொட்டுகிறார்கள் என்று குறியுங்கள். பெரும்பாலும் மூன்று வகை: குப்பை வண்டி வரும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகள், இரவுக் கடைகள், வேறு தெருவிலிருந்து வண்டியில் வந்து வீசுபவர்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. வீடுகளுக்கு, வண்டி வரும் நேரத்தைத் தூய்மைப் பணி மேஸ்திரியிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் பேசி மாற்றக் கேளுங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் வாளியை வைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு. கடைக்காரரிடம் நேரில் பேச்சு. வண்டியில் வருபவர்களுக்கு வெளிச்சமும் கண்காணிப்பும்.

பிறகு ஒரே நாளில் எல்லாம் நடக்க வேண்டும்: குப்பை அள்ளல், மண் சமன், சிமெண்ட் கல் பதித்தல், ஓரத்தில் இரண்டு தொட்டி, வாசல் தெளித்துக் கோலம். காலையில் அள்ளிவிட்டு கல் பதிப்பதை அடுத்த வாரம் வைத்தால் அந்த ஆறு நாளில் இடம் பழையபடி ஆகும். அடுத்த மூன்று வாரம் அந்த இரண்டு நேரங்களிலும் ஆள் நிற்க வேண்டும், சண்டை போட அல்ல, வாளியை எங்கே கொடுப்பது என்று சொல்ல. ஒரு பை விழுந்தாலும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், முதல் பைதான் பத்தாவது பையைக் கூப்பிடுகிறது.

அள்ளும்போது மெல்லிய கையுறை போதாது, தடித்த ரப்பர் கையுறையும் மூடிய காலணியும் வேண்டும். ஊசி, கண்ணாடி கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்துத் தனி பிளாஸ்டிக் டப்பாவில்.

கொண்டலாம்பட்டி: சாலையோரம் என்ன மரம் வைக்கலாம்? குழி, உரம் அளவு வேணும்.

அண்ணாந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேலே மின்கம்பி போனால் மந்தாரை, பவளமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி மாதிரி குட்டையானவை. கம்பி இல்லாத, அகலமான ஓரத்துக்கு வேம்பு, புங்கன், மகிழம், பூவரசு. பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் நாவல், நீர்மருது, இலுப்பை. ஆலும் அரசும் தெருவுக்கு வேண்டாம், சாக்கடைச் சுவரைப் பிளந்துவிடும். குல்மோகர் பூக்கும்போது கண்ணைப் பறிக்கும், காற்றில் கிளை ஒடிந்து கார் மேல் விழும். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள், அதை வளர்க்கத் தமிழ்நாடு அரசே தடை விதித்திருக்கிறது.

குழி 3 அடி நீளம், அகலம், ஆழம். இடம் இல்லையென்றால் குறைந்தது 2 அடி. கடப்பாரை போடும் முன் குடிநீர்க் குழாயும் கேபிளும் எந்தப் பக்கம் போகின்றன என்று உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவியுங்கள். கட்டட இடிபாடு வந்தால் அப்புறப்படுத்துங்கள், திரும்பக் கொட்ட வேண்டாம். மேல்மண், செம்மண், மக்கிய தொழுவுரம் சமபங்கு, அதோடு 250 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. தொழுவுரம் மக்காமல் சூடாக இருந்தால் வேர் வெந்துபோகும், கரையானும் வரும்.

கன்று 5, 6 அடி உயரம் இருக்கட்டும், தெருவில் ஓரடிக் கன்று ஆட்டுக்குத்தான். பையைக் கிழித்துப் பாருங்கள். வேர் சுருண்டு வட்டமாக ஓடியிருந்தால் வெளி வேரை நாலு பக்கம் கத்தியால் கீறிவிடுங்கள், இல்லையென்றால் வருடங்கள் கழித்து அந்த வேரே மரத்தை நெரிக்கும். பையில் இருந்த அதே மட்டத்தில் நட வேண்டும், தண்டைப் புதைத்தால் பட்டை அழுகும். ஆடி கடைசியில் குழி தயாராக இருந்தால் ஆவணி, புரட்டாசி மழையில் நடலாம். முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை 15 முதல் 20 லிட்டர், பிறகு இரண்டு கோடை முடியும்வரை வாரம் ஒருமுறை. தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது புண்ணியமாகத் தெரியலாம், ஆனால் வேரை மேலேயே நிறுத்திவிடும்.

மாமாங்கம்: நட்ட இட்லிப்பூச் செடி எல்லாம் மஞ்சளாகுது. உரம் போட்டும் தேறல.

இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் இரும்புச்சத்துக் குறை. உங்கள் பக்கம் வெள்ளைக்கல் வெட்டும் பூமி, அதாவது மேக்னசைட். மண்ணில் காரத்தன்மை அதிகம், மெக்னீசியம் மிகுதி, அதோடு ஒப்பிட்டால் சுண்ணச்சத்து குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் கார மண்ணில் அது கரையாது, வேருக்குக் கிட்டாது. முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, அதற்கு உரம் கேட்கும். இதற்கு உரம் கேட்காது.

இப்போதைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலை மேல் தெளியுங்கள், 10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. அன்னபேதியை மண்ணில் கொட்டினால் அதுவும் கரையாத வடிவுக்கு மாறிவிடும், காசு வீண். அடுத்த குழிக்கு அரைக்கிலோ ஜிப்சம், நிறைய மக்கிய உரம் சேர்த்து, வேம்பு, புங்கன், வாகை, பூவரசு வையுங்கள். இட்லிப்பூவை அந்த மண்ணில் காப்பாற்றுவது ஓயாத வைத்தியம், நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

ஏற்காடு: கீழே சேலத்துக்குச் சொல்றது மலை மேல எங்களுக்குப் பொருந்துமா? வியூ பாயிண்ட் பக்கம் பூச்செடி வைக்க ஆசை.

மண் நேர் எதிர். மேலே அமில மண், ஹைட்ரேஞ்சா நீலமாகப் பூப்பதே அதற்குச் சாட்சி. சுண்ணாம்பு கலந்த இடிபாடு, சிமெண்ட் கழிவு படாமல் பாருங்கள். சரிவில், அதுவும் தாங்குசுவரின் தலைப்பில் 3 அடிக் குழி வெட்டாதீர்கள், மழையில் அந்தக் குழியே தண்ணீரை உள்ளே இறக்கிச் சரிவைத் தளர்த்தும். உன்னிச்செடியை நிறத்துக்காக நடாதீர்கள், அது காட்டுக்குள் பரவும். சாலையோரம் நெடுஞ்சாலைத் துறை, அதைத் தாண்டினால் வனத்துறை, இரண்டிடமும் கேட்க வேண்டும்.

உண்மையில் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பக்கம் பூவைவிட மூடி உள்ள குப்பைத் தொட்டிக்குத்தான் தேவை அதிகம். மூடிக்குத் தாழ்ப்பாள் வேண்டும், வெறும் மூடியைக் குரங்கு திறக்கும். ஞாயிறு மாலையே காலி செய்ய ஆள் இல்லாவிட்டால் தொட்டி வைக்காமல் இருப்பதே நல்லது. காட்டெருமை நடமாட்டம் உண்டு, விடியும் முன்பும் இருட்டிய பின்பும் வேலை வேண்டாம்.

அம்மாபேட்டை: பழைய டயர்ல பெயிண்ட் அடிச்சுச் செடி வைக்கலாமா?

நான் வைக்கமாட்டேன். உள்விளிம்பில் மழைநீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் கீழ்ப்பக்கம் நாலைந்து ஓட்டை, உள்ளே விளிம்புவரை மண்.

களரம்பட்டி: திருமணிமுத்தாறு ஓரம் சாக்கடை அடைச்சிருக்கு. நாங்களே இறங்கி எடுக்கலாமா?

கூடாது. பாதாளச் சாக்கடைக்குள் உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், வாயு தாக்கினால் ஒரு நிமிடம் போதும் உயிர் போக. காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து போவதுதான் வழக்கமாக நடக்கிறது. கரை மேல் நின்று நீளக் கைப்பிடி வாருகோலால் பிளாஸ்டிக் எடுங்கள், அதோடு நிறுத்துங்கள். அடைப்புக்கு மாநகராட்சியில் புகார் கொடுத்து, அதன் எண்ணை வாங்கி இயந்திரத்தை வரவழையுங்கள்.

சூரமங்கலம்: பணம் எப்படித் திரட்டுறது? மாநகராட்சி ஏதும் தருமா?

சிறு வேலைக்கு வீட்டுக்கு நூறு, இருநூறு போதும். வசூல், பில், மிச்சம் மூன்றையும் படம் எடுத்து அன்றே குழுவில் போடுங்கள். கட்சிக்காரரோ கடைக்காரரோ மொத்தமாகத் தருகிறேன் என்றால் சுவரில் பெயர் கேட்பாரா என்று முன்பே பேசிவிடுங்கள். நடைபாதை, பூங்கா போன்ற பெரிய வேலைக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது: மக்கள் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். வேலை வகைக்கேற்பப் பங்கு மாறும், மதிப்பீடு வாங்கும்போது மண்டலப் பொறியாளரிடம் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி: கன்றுக்குப் போட்ட இரும்புக் கூண்டை எப்ப எடுக்கணும்?

தண்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு கை நுழையாத அளவு வந்ததும். முட்டுக் கம்பைக் கட்டிய கயிற்றை அதற்கு முன்பே, ஓராண்டில் அவிழ்த்துவிடுங்கள். நைலான் கயிறென்றால் இன்றைக்கே அறுத்துவிட்டு, தென்னை நார்க் கயிற்றில் எட்டுப்போல் தளர்வாகக் கட்டுங்கள். கூண்டைக் கழற்றும்போது தண்டைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தால் மூன்றடிச் சதுரத்துக்கு உடைத்து மண் தெரியச் செய்யுங்கள். கூண்டைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த கன்றுக்கு ஆகும்.