நாய்க்கு கீமோ: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் ஜிம்மிக்கு 9 வயது. கழுத்தில் கட்டி என்று காட்டப் போனோம். லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். கீமோ கொடுத்தால் 6 மாதத்தில் ரூ.1.6 லட்சம் ஆகுமாம். இல்லையென்றால், முடியாமல் போகும்போது வலியில்லாமல் உயிர் பிரிய ஊசி போட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். என் சம்பளம் ரூ.52,000. அவசரத் தேவைக்கு ரூ.90,000 இருக்கிறது. ஜூனில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். நகையை அடகு வைக்கலாம் என்கிறார் மனைவி. கிரெடிட் கார்டு போதும் என்கிறேன் நான். எது சரி?
- சென்னை வாசகர்

பதில்: கார்டு வேண்டாம். பாக்கி நிற்க ஆரம்பித்தால் பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் வரை வட்டி ஓடும். ஆண்டுக்கு 42 ஆகிறது. இரண்டில் ஒன்று என்றால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் அடகுக் கடைக்குக் கிளம்பும் முன், இந்தக் காசு எதை வாங்கித் தரும் என்று பார்த்துவிடுவோம்.

நாய்களுக்கு வரும் லிம்போமா முழுசாகக் குணமாவது அபூர்வம். சிகிச்சை இல்லாமல் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்தான். எந்த வெள்ளணுவில் தொடங்கியது என்பதைப் பொறுத்து இதை பி-செல், டி-செல் என்று பிரிப்பார்கள். பல மருந்துகள் சேர்ந்த கீமோவில் பி-செல் வகைக்குச் சராசரியாக ஓராண்டு வரை கிடைக்கும். டி-செல் வகைக்கு அதைவிடக் குறைவு. எந்த வகை என்ற பரிசோதனைக்குத்தான் முதல் செலவு. முடிவெடுக்கும் முன்பே ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அதை முதலில் கொடுத்துவிட்டால் பிறகு கீமோ சரியாக எடுபடாமல் போகலாம்.

இன்னொன்று, 1.6 லட்சத்தை ஒரே நாளில் கட்டப்போவதில்லை. வாரா வாரம் போகிற செலவு இது. இவ்வளவு நஷ்டம் வந்தால் விற்றுவிட்டு வெளியேறுவது என்று பங்குச் சந்தைக்காரர்கள் முன்கூட்டியே ஸ்டாப் லாஸ் வைப்பதுபோல நீங்களும் இப்போதே ஒரு வரம்பு வையுங்கள். என் கணக்கில் அது ரூ.45,000, அதாவது அவசரப் பணத்தில் பாதி. முதல் நாலைந்து வாரத்தில் கட்டி வற்றி, ஜிம்மி சாப்பிட்டு வாலாட்டினால் மேற்கொண்டு யோசிக்கலாம். வற்றவில்லையா, நிறுத்துங்கள். "இவ்வளவு போட்டாச்சே" என்று தொடர்வதுதான் வீட்டைக் கடனில் தள்ளுகிறது. எங்கள் வீட்டு நாய்க்கு நான் அந்தத் தப்பைச் செய்தேன். காசு போனதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. கடைசி மூன்று வாரம் அது பட்ட பாடுதான் மறக்கவில்லை.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டுங்கள். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவாக இருக்கும். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். இனிமேல் இன்சூரன்ஸ் எடுத்துப் பயனில்லை, வந்துவிட்ட நோய்க்குப் பணம் தர மாட்டார்கள்.

கல்லூரிக் கட்டணத்தை இன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், ஊசிக்கும் அடக்கத்துக்கும் ஒரு சிறு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். டாக்டர் வீட்டுக்கே வருவாரா, அதற்கு எவ்வளவு என்பதையும் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.