பதில்: பழைய பங்க் ராக் பாட்டு ரீ-ரெக்கார்டிங், டிரம்மர் துபாய் கெளம்புறாரு

தம்பி, காலேஜ்ல போன்ல புடிச்ச 9 பாட்டையும் ஸ்டுடியோல திரும்ப எடுக்கணும், டிரம்மர் அடுத்த மாசம் துபாய், பாடுற பையனுக்கு தொண்டை சரியில்ல, தள்ளிப் போடவான்னு கேட்டிருந்தீங்க. தள்ளிப் போடாதீங்க, மியூசிக்க மட்டும் இப்பவே எடுத்து வைங்க.

டிசென்டன்ட்ஸ்னு கலிஃபோர்னியா பங்க் பேண்டு, 1977-80ல போட்ட பாட்டையெல்லாம் 2002ல பழைய ஆளுங்களே உக்காந்து கிடார், பேஸ், டிரம்ஸ் மட்டும் எடுத்துட்டு, குரல் சேக்காம அப்பிடியே கிடப்புல போட்டுட்டாங்க. கிடாரிஸ்ட் ஃபிராங்க் நவெட்டா 2008ல எறந்துட்டாரு. பாடகர் மைலோ 2020ல தான் குரல் குடுத்தாரு, 2021ல ஆல்பம் வந்துச்சு. அன்னைக்கு எடுக்காம விட்டிருந்தா நவெட்டாவோட கிடார் அதுல இருந்திருக்காது பாருங்க.

இன்னொன்னு, கிளிக் டிராக் (வேகம் மாறாம இருக்க ஹெட்ஃபோன்ல ஓடுற டிக் டிக் சத்தம்) போடாதீங்க. நாங்க ஆரப்பாளையத்துல ஒரு மாடி ரூம்ல எங்க பழைய பாட்ட கிளிக் வெச்சு எடுத்தோம், எல்லாம் கரெக்டா இருந்துச்சு ஆனா ஆறிப்போன பரோட்டா மாதிரி சவசவன்னு இருந்துச்சு. அப்புறம் பழைய போன் ரெக்கார்டிங்குக்குத் தாளம் தட்டிப் பாத்தா நிமிஷத்துக்கு 176 தட்டுல ஆரம்பிச்சு கோரஸ்ல 188க்கு ஓடுது, அந்த ஓட்டம் தான் பாட்டே (பின்னாடி எங்கம்மா குக்கர் விசில் வேற, அது தனி கத). கிடார், பேஸ், டிரம்ஸ் மூணு பேரும் ஒரே ரூம்ல மூஞ்சியப் பாத்துக்கிட்டு சேந்து வாசிங்க, பாடுற பையன் சும்மா முணுமுணுத்தா போதும், வழிகாட்டத் தான்.

ஸ்டுடியோக்காரர்ட்ட எல்லாத்தையும் கலந்த மிக்ஸ் மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க, ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் (WAV) ஃபைலா ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வாங்கிருங்க.