செய்து பார்த்துப் படிப்பதால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் உண்டா, இல்லை இது பள்ளிகள் பணம் பிடுங்கும் புது வழியா?

கேட்டவர் ஒரு பெற்றோர் என்று நினைக்கிறேன். 'அனுபவக் கற்றல் கட்டணம்' என்று ஒரு ரசீது வந்திருக்கும், கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள். என் மகள் பள்ளியிலிருந்தும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஏற்காட்டுக்காரன். காபித் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தேன். பத்தாவது படித்தது கீழே சேலத்தில், ஹாஸ்டலில் தங்கி. பள்ளியின் பெயர் வேண்டாம்.

அறிவியல் ரெக்கார்டு நோட்டில் 'நீரின் கொதிநிலை காணல்' என்று ஒரு சோதனை. நாற்பது பேருக்கு லேபில் ஒரே ஒரு தெர்மாமீட்டர். சார் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார், பத்திரமாகத் திரும்ப வைத்தார், கரும்பலகையில் 100 என்று எழுதிப் போட்டார். நாங்கள் நாற்பது பேரும் பார்த்து எழுதிக்கொண்டோம். இதற்குப் பெயர் செய்முறை வகுப்பு.

எனக்கு அந்தத் தெர்மாமீட்டர் மேல் ஒரு கண். லேப் உதவியாளர் அண்ணனிடம் கெஞ்சி, பொங்கல் லீவுக்கு வாங்கிப் போனேன். உடைந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றார். பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை அதைச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

வீட்டில் விறகடுப்பு. ஈயப் போசியில் தண்ணீர் வைத்து, மேலே குறுக்காக ஒரு குச்சி, அதில் நூல் கட்டித் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பாதரசம் 90 தாண்டியது, 93, 95. பிறகு 95-க்கும் 96-க்கும் நடுவில் நின்றது. இன்னும் இரண்டு விறகைத் தள்ளினேன். தண்ணீர் தளதளவென்று துள்ளுகிறது, பாதரசம் இம்மி அசையவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "சுடுதண்ணிக்கே காய்ச்சல் பாக்கறியா சாமி?" என்றது.

லீவு முடிந்து போய் ரெக்கார்டில் 100-ஐ அடித்துவிட்டு 95.5 என்று எழுதினேன். சார் அதைச் சிவப்பு மையால் அடித்து மறுபடி 100 போட்டார். "ஏன்டா, உங்க ஊர்த் தண்ணி அவ்ளோ சோம்பேறியா?" என்றார். வகுப்பே சிரித்தது. முப்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. தேர்வில் 95 எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்பது அவர் கவலை. அது நியாயம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டவர் கணக்கு வாத்தியார். அதற்குள் நான் ரோஷத்தில் ஹாஸ்டல் சமையலறையிலும் அளந்துவிட்டேன். அங்கே 99 வந்தது. சேலத்திலும் 100 இல்லை! நாற்பது நோட்டிலும் இருந்தது பொய். கணக்கு சாரிடம் போய்ச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "முதல் தடவை எங்க வெச்சுக் கொதிக்க வெச்ச?"

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் தண்ணீர் கொதிக்கும் என்பதால், மேலே அது குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 100, அங்கிருந்து ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். சார் இதை என் உள்ளங்கையிலேயே பேனாவால் போட்டுக் காட்டினார். ஏற்காட்டுக்கு ஐந்து டிகிரி குறைக்க 95, சேலத்துக்கு ஒன்று குறைக்க 99. எங்கள் லைன் ஊரை விடக் கொஞ்சம் பள்ளம், அதனால் அந்த அரை டிகிரி.

இப்போது "பாத்தீங்களா, அனுபவமே ஆசான்" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். கொஞ்சம் பொறுங்கள். எங்கள் அம்மாவுக்கு அந்த அடுப்பில் இருபது வருஷ அனுபவம். மேலே துவரம்பருப்பு வேக நேரமாகும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். காரணம் கேட்டால், "மேல தண்ணி அப்படி" என்று முடித்துவிடும். கடின நீரில் பருப்பு வேகாது என்பதும் உண்மைதான், அதனால் அம்மா சொன்னது முட்டாள்தனம் இல்லை. ஆனால் அது சரியா என்று யாரும் பார்த்ததில்லை.

கணக்கு சார்தான் யோசனை சொன்னார். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது ஐந்து லிட்டர் கேனில் சேலத்து மேட்டூர்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனேன். சேலத்துக் குழாயில் தண்ணீர் வரும் நாள் பார்த்துப் பிடிப்பதே தனிப் பாடு. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் கேட்டார். இரண்டு போசி, ஒரே அளவு பருப்பு, ஒன்றில் எங்கள் ஊற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மேட்டூர்த் தண்ணீர். இரண்டுமே நின்றது 95.5-ல். இரண்டுமே வேக ஒரே நேரம்தான். தாமதத்துக்குக் காரணம் தண்ணீர் இல்லை, மேலே அது குறைந்த சூட்டில் கொதிப்பதுதான். அம்மா கரண்டியால் இரண்டையும் நசுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

என் தங்கை தொடக்கப் பள்ளி ஆசிரியை. 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படிப்படியாகத் தாங்களே செய்து படிக்கும் முறை) வந்தபோது அட்டைகளும் ஏணிப்படிகளுமாக மல்லுக்கட்டினவள். கோல்ப் என்கிற அமெரிக்கர் 1984-லேயே இதைச் சுழற்சியாகச் சொல்லிவிட்டார் என்பாள்: செய்வது, செய்ததை யோசிப்பது, அதிலிருந்து ஒரு விதி பிடிப்பது, அதை மறுபடி சோதிப்பது. அம்மா முதல் படியிலேயே நின்றது. எங்கள் அறிவியல் சார் மூன்றாவது படியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். கணக்கு சார்தான் என்னை நாலு படியும் ஏற்றினார். அதற்கு அவருக்கு ஆன செலவு ஒரு கேள்வி.

இனி அந்த ரசீது. மகள் பள்ளியில் 1,800 ரூபாய் வாங்கி, 'அனுபவக் கற்றல் பயணம்' என்று எங்கள் ஏற்காட்டுக்கே கூட்டிப்போனார்கள். படகு சவாரி, லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் போட்டோ, சாயங்காலம் திரும்பிவிட்டார்கள். பஸ்ஸில் காது அடைத்ததாம், சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியதாம். ஏன் என்று யாராவது கேட்டார்களா என்றேன். "அதுக்குள்ள பிரிச்சுத் தின்னுட்டோம்ப்பா" என்றாள். மேலே காற்றழுத்தம் குறைவதுதான் இரண்டுக்கும் காரணம். பாடம் கையிலேயே இருந்திருக்கிறது!

     

போய் வந்த பிறகு வகுப்பில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பள்ளியில் கேளுங்கள். பதில் வந்தால் கட்டுங்கள். இல்லையென்றால் முந்நூறு ரூபாய்க்குள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொடுங்கள்.

அம்மா இப்போதும் வீட்டுக்கு வருபவர்களிடம் "மேல தண்ணி அப்படி" என்றுதான் சொல்கிறது. நானும் மறுத்துப் பேசுவதில்லை, குக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.